மாமா அறுத்த பலகைகள்

பட்டறையைத் திறந்தவுடன் கழிவுப் பெட்டியைக் கிளறிப் பார்ப்பது என் வழக்கம். முந்தைய நாள் மாலை நான் புறப்பட்ட பின்பு என்ன வேலை நடந்தது என்பதை எவரிடமும் கேளாமல் அறிந்துகொள்ள அதைக் காட்டிலும் நல்ல வழி இல்லை. அறுத்தெறியப்பட்ட துண்டுகளுக்கு முகத்தாட்சண்யம் கிடையாது.

ஆயுத பூஜை கழிந்து மழை பிடித்துக்கொண்ட நாட்களில், அவ்வாறு கிளறியபோது ஒரு சீவல் என் கையில் அகப்பட்டது. மைக்கா ஒட்டிய பிளைவுட்டின் சீவல். இரண்டு முழ நீளம் இருக்கும். ஒரு முனையில் தீக்குச்சியின் கனம்; மறுமுனைக்குப் போகப் போக மெலிந்து, அதில் பாதியாகியிருந்தது. நடுவில் பென்சிலால் இட்ட ஒரு சிறு பெருக்கல் குறி. அந்தக் குறி என்னுடையது. நான் அறுத்து முடித்த ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் அதை இடுவேன். வேலை முடிந்தது, இனி எவரும் இதைத் தொட வேண்டியதில்லை என்பது அதன் பொருள்.

பெட்டியைத் தரையில் கவிழ்த்தேன். அதே போன்ற சீவல்கள் மேலும் பல இருந்தன. எல்லாம் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்தவை. எல்லாவற்றிலும் என் குறி.

இந்தப் பட்டறை வேலப்பன்சாவடியில், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி, கல்லூரிப் பேருந்துகள் திரும்ப முடியாமல் திணறும் ஒரு சந்தில் இருக்கிறது. என் மூத்த மகளின் கணவர் இதனை நடத்துகிறார். வானகரம் பக்கம் எழும்பிக்கொண்டிருக்கும் அடுக்ககங்களுக்குச் சமையலறை அலமாரிகளும் துணி அலமாரிகளும் இங்கிருந்து போகின்றன. நான் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில், உதிரிபாகங்களை அனுப்புவதற்கான மரப்பெட்டிகள் செய்யும் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றுபோனதால், எழுத்தையும் சரி, இயந்திரத்தையும் சரி, பார்த்துப் பார்த்து நானாகவே பழகிக்கொண்டேன். ஓய்வுக்குப் பின் காலையில் செய்தித்தாளும் மாலையில் நடையுமாக ஒரு வருடத்தை ஓட்டினேன். அதற்கு மேல் என்னால் இயலவில்லை. மருமகன் இந்த இயந்திரத்தை வாங்கி நிறுத்தியபோது, அதன் அருகே போய் நின்றேன். பிறகு அங்கிருந்து நகரவில்லை.

பேனல் சா என்று பட்டறைகளில் வழங்கும் அந்த இயந்திரத்தைக் காணாதவர்களுக்காகச் சில சொற்கள் கூறிவிடுகிறேன். இரும்பு மேசையின் பிளவு வழியே ஒரு வட்ட வாள் தலை நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு முன்னால் இன்னொரு குட்டி வாள், மைக்கா சிதறாதபடி அடியிலிருந்து கோடு மட்டும் கீறிக் கொடுக்கும். வாளுக்குப் பக்கத்தில் ஆள் நீளத்தைவிட நீளமான ஒரு மேடை, தண்டவாளத்தில் ஓடுவதுபோல் முன்னும் பின்னும் நகரும். பலகையை அதன் மேல் கிடத்தி மேடையைத் தள்ள வேண்டும். பலகையைத் தள்ளக் கூடாது. மேடைக்குக் குறுக்கே நீண்ட அலுமினியச் சட்டம் ஒன்று உண்டு. அதற்கு ஃபென்ஸ் என்று பெயர். பலகையின் ஓரம் அதனோடு ஒட்டி நிற்கும். ஃபென்ஸ் வாளுக்கு நேர் செங்குத்தாக இருந்தால் பலகையின் மூலை சதுரமாக அமையும். அது இம்மியளவு பிசகினாலும் பலகை கோணும். அந்தச் செங்குத்து நிலையை உறுதிசெய்ய, ஃபென்ஸ் வந்து முட்டி நிற்பதற்கென்று ஒரு சிறு இரும்புத் தடை இருக்கிறது. ஃபென்ஸை இரண்டு இடங்களில் மாட்டலாம். இயக்குபவரின் பக்கம் ஒன்று. எதிர்ப் பக்கம் ஒன்று. இரண்டுக்கும் தனித்தனித் தடைகள். நான் எப்போதும் என் பக்கமே மாட்டுவேன். பலகையைப் பின்னாலிருந்து தாங்கிப் போவது எனக்குப் பிடித்த முறை. மருமகன் எதிர்ப் பக்கம் மாட்டி, பலகையை அதன் மேல் சாய்த்துக்கொண்டு போவார். இரண்டும் சரியான முறைகளே.

சீவல்களோடு நான் நின்றிருந்த வேளையில் எங்கள் ஆபரேட்டர் வந்து சேர்ந்தார். பக்கத்துத் தேவாலயத் தெருவைச் சேர்ந்தவர். கழுத்தில் மாதா பதக்கம் அணிந்தவர். பலகைகளுக்கு ஓரப்பட்டை ஒட்டுவதும், நான் அறுக்க வேண்டிய அளவுகளை உரக்கச் சொல்வதும் அவர் வேலை. என்னை நைனா என்பார்.

“இது யாரு அறுத்தது?” என்றேன்.

“எது நைனா?”

“இந்தச் சீவல்.”

அவர் சீவலைப் பார்த்தார். கையிலிருந்த டீத் தூக்கைப் பார்த்தார். “காலங்காத்தால குப்பைய இன்னாத்துக்கு நோண்டிகினு கீற? வா, டீ ஆறிடப் போவுது.”

“என் குறி போட்ட பலகைய யாரு திரும்ப அறுத்ததுன்னு கேக்கறேன்.”

“நான் சொன்னேன்னு சொல்லாத. நீ பஸ்சு ஏறப் போனதும் உன் மாப்ளதான் அறுக்குறாரு. உன் பலகை கொஞ்சம் கோணிக்கிது நைனா. மூலைக்கு மூலை டேப்பு வச்சா ஒதைக்கிது.”

“திரும்ப அறுத்தா அளவு குறைஞ்சிடுமேய்யா?”

அவர் டீயைக் கிளாசில் ஊற்றுவதில் மிகுந்த கவனம் செலுத்தினார்.

“கேக்கறேன்ல?”

“அதுக்குத்தான் உனுக்கு மட்டும் அஞ்சு மில்லி கூட்டிச் சொல்றது. மாப்ள சொல்லச் சொன்னாரு, நான் சொன்னேன். டீய குடி.”

நான் டீயைக் குடிக்கவில்லை. இத்தனை நாட்களாக எனக்கு உரக்கச் சொல்லப்பட்ட அளவுகள் அனைத்தும் பொய் என்பதை அந்த இடத்திலேயே நின்று விழுங்கிக்கொண்டேன். நானும் அந்தப் பொய் அளவுகளுக்குக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பயபக்தியோடு பலகை அறுத்து, குறியும் இட்டு, கையைத் துடைத்துக்கொண்டு பேருந்து ஏறியிருக்கிறேன்.

சற்று நேரத்தில் மருமகன் வந்தார். எங்கள் வீட்டில் மருமகனிடம் குரல் உயர்த்திப் பேசும் வழக்கம் இல்லை. அவரும் என் எதிரில் கால்மேல் கால் போட்டு அமர்ந்தவரல்லர். நான் சீவலில் ஒரு துண்டை ஒடித்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, மிகவும் நாகரிகமாகக் கேட்டேன்.

“மாப்ள, நேத்து அறுத்த பலகையெல்லாம் சரியா இருந்துச்சா?”

“சூப்பருங்க மாமா.”

“மூலையெல்லாம்?”

“பக்காங்க மாமா. நீங்க அறுத்தா சொல்லணுமா?”

ஓரப்பட்டை இயந்திரத்தின் பின்னால் ஆபரேட்டருக்கு இருமல் வந்தது.

அன்று பகலில் நான் ஒரு பெரிய பலகையை அறுத்து, மூலைக்கு மூலை அளந்தேன். மூலைகள் சதுரமானால் ஒன்றாக இருக்க வேண்டிய இரண்டு குறுக்களவுகளுக்கும் இடையில் வேறுபாடு இருந்தது. அதுவரை கைக்கடக்கமான மூலைமட்டத்தை வைத்துப் பார்த்து நிறைவடைந்துகொண்டிருந்தேன். இத்தகைய சிறு பிசகு அந்தக் குட்டி மட்டத்தில் தெரியாது. ஆபரேட்டர் சொன்னது உண்மை. அவர்கள் என்னை ஏமாற்றியதைக் காட்டிலும், ஏமாற்றுவதற்குக் காரணம் இருந்தது என்பதே எனக்கு அதிகம் எரிச்சலூட்டியது.

அதன் பின் வந்த நாட்கள் எரிச்சலாகவே கழிந்தன. முதலில் மழையைக் குற்றம் சாட்டினேன். ஈரத்தில் பிளைவுட் ஊறியிருக்கும் என்றேன். ஊறாத பலகையும் கோணியது. தரை ஒரு பக்கம் இறங்கியிருக்கும் என்று நீர்மட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழ் நடுவில் நின்று என்னைக் கேலி செய்தது. தினந்தோறும் காலையில் காற்றுக்குழாயால் மேடை, தண்டவாளம், ஃபென்ஸ், தடை என எங்கும் ஊதித் தூசு தட்டுவேன். அதை இருமடங்கு நேரம் செய்தேன். ஃபென்ஸைத் தடையில் முட்டவைக்கும்போது ‘டக்’ என்ற ஒலி வருகிறதா என்று காதை வைத்துக் கேட்டேன். வந்தது. பலகை கோணியது.

இறுதியில் மருமகனிடம், “மிஷின ஒரு தடவ காட்டலாமா மாப்ள?” என்றேன். அவர் முகம் தெளிந்ததைக் கண்டேன். இயந்திரத்தின் மேல் பழி விழுந்தால் தமக்கும் நிம்மதி என்று அவர் எண்ணியிருக்க வேண்டும்.

அம்பத்தூர் பக்கத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். முந்தைய மாலை மருமகன் வேலை செய்துவிட்டுப் போனபடி, ஃபென்ஸ் எதிர்ப் பக்கத்தில் இருந்தது. அப்படியே வைத்து ஒரு பலகையை அறுத்தார், அளந்தார், இன்னொன்றை அறுத்தார், அளந்தார்.

“மிஷின் பக்காவா இருக்கு சார். மில்லி பிசகல. பெரியவர்தான் ஓட்டறாரா?”

மருமகன் தலையசைத்தார்.

“வயசானவங்க ஒரு பக்கமா அழுத்தித் தள்ளுவாங்க சார். கை தானா இழுக்கும். ஒண்ணும் பண்ண முடியாது.”

என்னை வைத்துக்கொண்டே அவர் என்னைப் பற்றிப் பேசினார். இயந்திரத்தின் எண்ணெய்க் கசிவைப் பற்றிப் பேசுவதுபோல் அவ்வளவு சாதாரணமாக.

மறுநாள் காலையில் வாசலருகே ஒரு சுழல் நாற்காலி வந்திருந்தது. முதுகுக்கு மெத்தை, கைக்கு மெத்தை. என் மகளின் ஏற்பாடு. தொலைபேசியில் அழைத்துச் சொன்னாள்.

“அப்பா, இனிமே நீங்க அதுல உக்காந்து வர்றவங்ககிட்ட பேசினா போதும். பெரியவங்க ஒருத்தர் முன்னாடி இருந்தா கடைக்கே ஒரு களை.”

“அறுக்கறது யாரு?”

“தை பொறந்ததும் ஒரு ஆளு வர்றாராம். அதுவரைக்கும் அவரு பாத்துப்பாரு. உங்க வெரலுக்கு ஒண்ணுன்னா நான் என்னப்பா பண்ணுவேன்?”

ஆக, எனக்குத் தை மாதம் வரை தவணை கொடுக்கப்பட்டிருந்தது. அதற்குள் என் கை சரியானது என்பதை நான் காட்டியாக வேண்டும். இல்லையேல் அந்த இயந்திரத்தின் முன் வேறொருவர் நிற்பார். நான் சுழல் நாற்காலியில் சுழன்றுகொண்டிருப்பேன். எனக்கு எஞ்சியிருந்த வேலை என்று சொல்லத்தக்கது அது ஒன்றே. ஆனால் எதை வைத்துக் காட்டுவது? நான் அறுத்த பலகைதான் எனக்கு எதிர்ச்சாட்சியாக நின்றது.

ஆவடியில் கண் பரிசோதித்துக்கொண்டேன். பார்வையில் பெரிய மாற்றம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று புதிய கண்ணாடி ஒன்றை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

“கண்ணும் நல்லா இருக்காம், மிஷினும் நல்லா இருக்காம்,” என்றாள் என் மனைவி, அரிசி களைந்துகொண்டே. “பலகைக்குத்தான் உங்க மேல ஏதோ கோவம் போல.”

நாற்காலியில் சில நாட்கள் அமர்ந்து பார்த்தேன். வருபவர்கள் என்னை முதலாளி என்று கருதி மைக்கா நிறங்களைப் பற்றிக் கேட்டார்கள். சாம்பல் நிறத்தில் இத்தனை சாம்பல் உண்டு என்பது எனக்கு அதுவரை தெரியாது. என் முதுகுக்குப் பின்னால் வாள் சுழலும் ஓசை கேட்கும். மேடை நகரும் ஓசை கேட்கும். இந்த இடத்தில் சற்று மெதுவாகத் தள்ள வேண்டும் என்று என் வலது தோள் தானாக அசையும். எதிரில் இருப்பவர், “கழுத்து வலியாங்க?” என்று விசாரிப்பார்.

இந்நிலையில் ஒரு நாள் மருமகனும் ஆபரேட்டரும் வானகரத்தில் சமையலறை பொருத்தும் வேலைக்குப் போயிருந்தார்கள். பகல் பன்னிரண்டு மணியளவில் லாரி ஒன்று பிளைவுட் சுமையோடு வந்தது. இறக்கியவர்கள் மழைக்கு அஞ்சி உள்ளே அடுக்கினார்கள். அதுவும் இயந்திரத்துக்கு அருகே, நான் ஃபென்ஸ் மாட்டும் பக்கத்தை முழுக்க அடைத்து, இடுப்புயரத்துக்கு. அங்கே வைக்காதீர்கள் என்று நான் சொன்னதை, நாற்காலியில் இருப்பவரின் சொல்லாகவே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

லாரி நகர்ந்ததும் மருமகனிடமிருந்து அழைப்பு.

“மாமா, இங்க சைடு பலகை ஒண்ணு ஒடைஞ்சிடுச்சு. வீட்டுக்காரங்க நாளைக்குப் பால் காய்ச்சறாங்க. ஆபரேட்டர் வண்டியில வந்துட்டிருக்கான். அவனே வந்து அறுத்துக்கட்டும். நீங்க பலகைய மட்டும் எடுத்து வச்சிடுங்க.”

“அளவ சொல்லுங்க மாப்ள.”

“எதுக்கு மாமா உங்களுக்குச் சிரமம்?”

“பலகை எடுக்கறதுக்கு அளவு தெரியணும்ல?”

சொன்னார். அது ஆபரேட்டருக்கான அளவு. ஆகவே உண்மையான அளவு. மதுரவாயல் பக்கம் நெரிசல் என்றும், அவன் வந்து சேர நேரமாகலாம் என்றும் சேர்த்துச் சொன்னார்.

நான் பலகையை எடுத்து வைத்தேன். வைத்த பின் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு மேடையில் ஏற்றினேன். என் பக்கத்தில் ஃபென்ஸை மாட்ட வழியில்லை. பிளைவுட் அடுக்கு முட்டியது. எதிர்ப் பக்கமே அது கிடந்தபடி இருக்கட்டும் என்று, எனக்குப் பழக்கமில்லாத அந்த முறையில் பலகையைச் சாய்த்து, வாளை ஓடவிட்டு, மேடையைத் தள்ளினேன். அறுத்து முடித்து, பலகையைத் தரையில் கிடத்தி, மூலைக்கு மூலை அளந்தேன். இரண்டு குறுக்களவுகளும் ஒன்றாக இருந்தன.

மீண்டும் அளந்தேன். அளவு நாடாவின் முனையை மாற்றிப் பிடித்து அளந்தேன். ஒன்றுதான்.

மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். பழக்கமில்லாத முறையில், அவசரத்தில் அறுத்தது நேராக இருக்கிறது. பார்த்துப் பார்த்து அறுத்ததெல்லாம் கோணல். இது என்ன நியாயம்?

ஆபரேட்டர் நனைந்துகொண்டு வந்து நின்றபோது, நான் பிளைவுட்டை ஒவ்வொன்றாக இழுத்துச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தேன்.

“இன்னா நைனா பண்ற? மாப்ள பாத்தா என்னத்தான் திட்டுவாரு.”

“அந்தப் பக்கம் புடி.”

“பலகை எங்க? அறுக்கணும்ல?”

“அறுத்தாச்சு. புடிய்யா.”

இருவருமாக இடத்தைச் சரிசெய்தோம். ஃபென்ஸை என் பக்கத்துக்கு மாற்றி, ஒரு கழிவுப் பலகையை அறுத்தேன். அவரையே அளக்கச் சொன்னேன்.

“கோணல்,” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஃபென்ஸை எதிர்ப் பக்கம் மாட்டி, அதே பலகையை அறுத்தேன். அளந்தவர் நிமிர்ந்தார். “நேரா கீது நைனா.”

“யாரு அறுத்தது?”

“நீதான்.”

“கை?”

“உன் கை.”

“கண்ணு?”

“உன் கண்ணுதான். இன்னா நைனா, போலீஸ் மாதிரி கேட்டுகினு!”

கை அழுத்தவில்லை, கண் ஏமாற்றவில்லை என்றால், குற்றம் என் பக்கத்துத் தடையில்தான் இருக்க முடியும். ஃபென்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஆபரேட்டரின் கைப்பேசி வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன். தடையின் முகத்தில், ஃபென்ஸ் வந்து முட்டும் சரியான இடத்தில், மரத்தூளின் நிறத்தில் தட்டையாக ஏதோ படிந்திருந்தது. மரத்தூள் என்றால் காற்றுக்கு அசைந்திருக்கும். நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. ஈர விரலால் தேய்த்தேன். மணம் வந்தது.

சந்தனம்.

“அட மாதாவே,” என்றார் ஆபரேட்டர். “அக்கா வச்ச பொட்டு நைனா!”

அந்த நாள் எனக்கு நினைவுக்கு வந்தது. ஆயுத பூஜையன்று என் மகள் சந்தனக் கிண்ணத்தோடு இயந்திரங்களைச் சுற்றி வந்தாள். மோட்டாருக்கு, சுவிட்சுப் பெட்டிக்கு, வாள் மூடிக்கு எனப் பொட்டிட்டு முடித்தவள், மீண்டும் வந்து குனிந்து, என் பக்கத்தில் ஓரிடத்தைத் தேடி இன்னொன்று வைத்தாள். இது எதற்கு என்று கேட்டேன். “தினம் நீங்க மொதல்ல கை வைக்கிற எடம் இதுதானேப்பா” என்றாள். என் விரல்களுக்காக அவள் வைத்த காப்பு அது. குங்குமம் உதிர்ந்துவிட்டது. சந்தனம் மட்டும் காய்ந்து, ஃபென்ஸ் முட்டி முட்டி இறுகி, சிமெண்டாகியிருந்தது. பூஜைப் பொட்டை ஒரு பட்டறையிலும் எவரும் துடைப்பதில்லை. தானாக உதிரும்வரை விட்டுவிடுவோம். தொழிற்சாலையிலும் அப்படித்தான். எண்ணெயைச் சந்தேகிப்போம், தூசைச் சந்தேகிப்போம், மழையையும் மனிதரையும் சந்தேகிப்போம்.

பலகையை ஆபரேட்டர் வானகரத்துக்கு எடுத்துப் போனார். அது அலமாரியில் பொருந்தி நின்றது என்று பிறகு சொன்னார்கள். மாலையில் மருமகன் திரும்பியதும், இரண்டு துண்டுகளையும் தடையையும் காட்டி, நடந்ததைச் சொன்னேன். சந்தனத்தை அவர் பார்ப்பதற்காகவே சுரண்டாமல் வைத்திருந்தேன். அவர் குனிந்து பார்த்தார். நெடுநேரம் நிமிரவில்லை.

“சாரிங்க மாமா.”

“மொத நாளே கோணுதுன்னு தெரிஞ்சதுல்ல மாப்ள?”

“தெரிஞ்சுது மாமா.”

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே ரெண்டு பேரும் குனிஞ்சு பாத்திருப்போமே.”

“உங்ககிட்ட எப்படி மாமா சொல்றது?”

“வாயால மாப்ள.”

ஆபரேட்டர் சிரித்துவிட்டார். மருமகனும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் என்னை அவமதித்திருந்தால் நான் கோபித்திருக்கலாம். அவர் செய்ததெல்லாம் மரியாதை. நான் போன பிறகு நின்று மறுபடி அறுத்தது மரியாதை. அளவைக் கூட்டிச் சொல்லச் சொன்னது மரியாதை. சூப்பருங்க மாமா என்றதும் மரியாதை. சந்தனம் கோணச் செய்தது பலகையைத்தான். மற்றதெல்லாம் மரியாதை செய்த வேலை. அதை எந்த நகத்தால் சுரண்டுவது?

ஒரு கூரிய தகட்டால் தடையைச் சுத்தம் செய்தோம். அப்போது மருமகன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “மாமா, இத அவகிட்ட சொல்ல வேணாம். ஆசையா வச்சது. மனசு கஷ்டப்படும்,” என்றார்.

அந்த ஒரு சொல்லில், அன்று முழுவதும் அடக்கி வைத்திருந்தது பொங்கிவிட்டது. திருமணமான நாள் முதல் அவரிடம் உயர்த்தாத குரலை உயர்த்தினேன்.

“மறுபடியுமா மாப்ள? எனக்குத் தெரியாம மறைச்சது போதாதா? இப்ப அவளுக்குத் தெரியாம மறைக்கணுமா? அடுத்த வருஷமும் அவ வந்து அங்கயே வைப்பா. நாம மூணு பேரும் முழிச்சுகிட்டு நிப்போமா?”

நானே கைப்பேசியை எடுத்து மகளை அழைத்து, ஒன்றும் மறைக்காமல் சொன்னேன்.

“தேடித் தேடிப் போய் அதுலயா வச்சேன்?”

“அதுலதாம்மா.”

“அப்ப உங்க கை நல்லாத்தான் இருக்கா?”

“அதத்தான் சொல்றேன்.”

“கண்ணு?”

“அதுவும்.”

“சரி, அடுத்த வருஷம் எங்க வைக்கணும்னு நீங்களே காட்டுங்க.” பிறகு, பெருமூச்சோடு, “ஆனா அந்த நாற்காலியத் திருப்பித் தர முடியாதுப்பா. பில்ல தொலைச்சிட்டேன்,” என்றாள்.

தையில் வரவிருந்த ஆளை வர வேண்டாம் என்று மருமகன் என் எதிரிலேயே அழைத்துச் சொன்னார். நான் நன்றி கூறவில்லை. எனக்குரியதை எனக்குத் திருப்பித் தந்ததற்கு என்ன நன்றி? இத்தனை நாள் எரிச்சலும், கண் பரிசோதனையும், மெக்கானிக்கின் வாயும், ‘அட, சந்தனம்’ என்ற ஒரு சிரிப்பில் எல்லோருக்கும் முடிந்துபோயிற்று. எனக்கு முடியவில்லை.

அடுத்த வாரம், துணி அலமாரி ஒன்றுக்குப் பலகைகள் அறுத்துக்கொண்டிருந்தேன். நான் அறுத்து வைத்தவற்றை மருமகன் நாடாவோடு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒன்றில் நின்றார். ஆபரேட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மாமா, இது ரெண்டு மில்லி கூட இருக்கு.”

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் நான் கேட்டது இதைத்தான். வந்தபோது காதுக்குக் கசந்தது. நான் ஆபரேட்டரின் பக்கம் திரும்பினேன்.

“கூட்டிச் சொன்னியாய்யா?”

“மாதா சத்தியமா சரியாத்தான் சொன்னேன் நைனா! உனுக்கு என் மேல சந்தேகம் எப்பத்தான் போவும்?”

நாடாவை வாங்கி நானே அளந்தேன். இரண்டு மில்லி அதிகம். ஃபென்ஸின் அளவுகோலில் பலகையின் முனை முட்டி நிற்கும் நிறுத்தியை நான்தான் இரண்டு கோடு தள்ளி இறுக்கியிருக்கிறேன். புதிய கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டேன். மருமகன் வழக்கம்போல் பலகையை எடுக்கக் கை நீட்டினார்.

“வைங்க மாப்ள.”

பலகையில் இட்டிருந்த பெருக்கல் குறியை ரப்பரால் அழித்தேன். நிறுத்தியைச் சரிசெய்து, பலகையை மேடையில் ஏற்றி, ஃபென்ஸோடு ஒட்டவைத்து, வாளை ஓடவிட்டேன். இரண்டு மில்லியும் தூளாகப் போயிற்று. பெட்டியில் விழச் சீவல் எதுவும் இல்லை. அவர் மூலைக்கு மூலை அளந்து முடிக்கும்வரை பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.